பெயர் மாறிய பாடமும் பின்தங்கிய பயிற்சியும்: இங்கிலாந்தின் நடுநிலை வகுப்புகளில் உணவுத் தொழில்நுட்பக் கற்பித்தல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தில் 11 முதல் 14 வயது வரையிலான மாணவர் பயிலும் வகுப்புகளில் உணவு பற்றிய பாடம் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் சமையற்கலை, மனையியல், உணவுத் தொழில்நுட்பம், சமையலும் ஊட்டச்சத்தும் எனப் பல பெயர்களைத் தாங்கியுள்ளது. ஒவ்வொரு பெயர்மாற்றமும் பாடத்தின் நோக்கத்தையும் மாற்றியது. ஆனால் 1990க்குப் பிந்தைய மாற்றங்களில் பாடத்திட்டம் முதலில் மாற, ஆசிரியர் பயிற்சி அதன்பின் மெல்ல நகர்ந்தது. இப்பின்தங்கல் ஆசிரியர் எண்ணிக்கையின் குறைபாடு மட்டுமன்று. கையின் திறனையும் அதன் காரணத்தையும் இணைத்துக் கற்பிக்கும் ஆற்றல் பயிற்சியில் இடம்பெறாமற்போனதன் விளைவு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உணவுத் தொழில்நுட்பம், ஆசிரியர் பயிற்சி, மனையியல், பாடத்திட்டம், செய்முறைக் கல்வி, ஊட்டச்சத்து.

முன்னுரை

பள்ளிப் பாடங்களுள் உணவு பற்றிய பாடத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. கணிதத்திலோ மொழியிலோ மாணவர் எழுதிய விடை தாளோடு நின்றுவிடும். உணவுப் பாடத்தில் மாணவர் செய்தது உண்ணப்படுகிறது. எனவே ஆசிரியரின் பிழை மதிப்பெண்ணில் மட்டுமன்றி உடலிலும் தெரியக்கூடும். இத்தகைய பாடத்தைக் கற்பிப்பவர் எவ்வாறு உருவாக்கப்படுகிறார் என்ற வினா கல்வியியலில் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

தமிழ்ச் சூழலில் இப்பாடம் தமிழ்நாட்டில் மனையியல் என்றும் இலங்கையில் மனைப்பொருளியல் என்றும் வழங்குகிறது. இரு பெயர்களிலும் 'மனை' நிலைத்து நிற்கிறது. இங்கிலாந்திலோ 'மனை' நீக்கப்பட்டுத் 'தொழில்நுட்பம்' வந்தது. பின்னர் அதுவும் பின்னுக்குத் தள்ளப்பட்டுச் 'சமையல்' திரும்பியது. பெயர்மாற்றம் கற்பித்தலை எவ்வாறு பாதிக்கிறது என்பதைக் காண இங்கிலாந்து தக்கதொரு களம் எனலாம். தமிழ்நாட்டின் 6 முதல் 8 வரையிலான நடுநிலை வகுப்புகளின் வயதெல்லையை ஏறத்தாழ ஒத்திருப்பது இங்கிலாந்தின் மூன்றாம் கல்விக் கட்டம். அக்கட்டமே இக்கட்டுரையின் எல்லை.

பயிற்சி முந்திய காலம்

இலண்டனின் தென் கென்சிங்டனில் தேசியச் சமையற் பயிற்சிப் பள்ளி 1874இல் தொடங்கப்பட்டது. பள்ளிகளில் சமையல் கற்பிக்கும் ஆசிரியைகளை உருவாக்குவது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக அமைந்தது. தொடக்கப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்குச் சமையல் கற்பிப்பதற்கான அரசு மானியம் 1882இல் வந்தது. அதாவது ஆசிரியரை உருவாக்கும் நிறுவனம் முன்னும், பாடத்தைப் பரப்பும் மானியம் பின்னும் அமைந்தன.

இவ்வரிசைமுறையைப் போற்றுவது அக்காலப் பாடத்தின் உள்ளடக்கத்தைப் போற்றுவதாகாது. அப்பாடம் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்ணைச் சிக்கனமான இல்லத்தரசியாகவோ பிறர் வீட்டுப் பணியாளாகவோ ஆக்கும் எண்ணமும் அதில் கலந்திருந்தது. எனினும், கற்பிப்பவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற தெளிவு அன்று இருந்தது. அதன்பின் வளர்ந்த மனையியலும் பயிற்சிக் கல்லூரிகள், தனிப் பட்டங்கள், தனி ஆய்வாளர்கள் என ஒரு முழுமையான அமைப்பைப் பெற்றிருந்தது. அடுத்து வந்த மாற்றத்தில் குலைந்தது இவ்வமைப்பே.

1990: மனையிலிருந்து தொழில்நுட்பத்திற்கு

1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்திற்கு வழிவகுத்தது. அதன்படி 1990இல் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் புதிய பாடம் நடைமுறைக்கு வந்தது. மரவேலை, உலோகவேலை ஆகியவற்றை உள்ளடக்கிய கைவினைப் பாடமும் மனையியலும் இதனுள் இணைந்தன. மரம், உலோகம், துணி ஆகியவற்றைப்போல் உணவும் ஒரு 'மூலப்பொருள்' ஆயிற்று. தேவையை ஆராய்தல், வடிவமைத்தல், செய்தல், மதிப்பிடுதல் என்னும் பொது நிரல் எல்லாப் பொருள்களுக்கும் விதிக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் நன்மை மறுக்கவியலாதது. உணவுப் பாடம் பெண்பிள்ளைகளுக்கே உரியது என்ற எல்லை பாடத்திட்ட அளவில் நீங்கியது. ஆண், பெண் இருபாலரும் ஒரே மேசையில் மாவு பிசையும் வாய்ப்புப் பிறந்தது. இல்லத்துக்கு வெளியே உணவு உற்பத்தி என்னும் பெருந்துறை இருப்பதும் வகுப்பறைக்குள் வந்தது.

ஆயினும், மரத்திற்குப் பொருந்தும் நிரல் மாவிற்கும் பொருந்தும் என்ற கருதுகோள் ஆய்வுக்குரியது. மரப்பெட்டி செய்யும் மாணவர் முதலில் வரைந்து, பின் அறுத்து, தவறினால் திருத்தி, அடுத்த வாரமும் தொடரலாம். உணவு அவ்வாறு காத்திருப்பதில்லை. பிசைந்த மாவு புளிக்கிறது; முட்டை இறுகிவிட்டால் மீண்டும் இளகுவதில்லை. ஒரு பாடவேளைக்குள் தொடங்கி, சமைத்து, துடைத்து முடிக்கவேண்டிய பொருள் அது. பொது நிரலுக்கு உணவை வளைத்தபோது வரைதலும் எழுதுதலும் மிகுந்தன. அடுப்பருகே நிற்கும் நேரம் சுருங்கியது. பீட்சாவைச் செய்வதைக் காட்டிலும் பீட்சாவின் பெட்டியை வடிவமைப்பதில் மாணவர் நேரம் கழிகிறது என்ற குறை அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது.

ஆஃப்ஸ்டெட் எனப்படும் கல்வி ஆய்வு அமைப்பு, மேல்நிலைப் பள்ளிகளின் உணவுத் தொழில்நுட்பம் குறித்து 2006இல் வெளியிட்ட அறிக்கையும் இம்முரணைச் சுட்டியது. வாழ்க்கைத் திறனாக உணவைக் கற்பிப்பதும், வடிவமைப்புப் பாடத்தின் நோக்கங்களை அடைய உணவைக் கருவியாகக் கொள்வதும் ஒன்றோடொன்று இழுபறியில் உள்ளன என்பது அதன் கருத்து.

இவ்விழுபறியின் சுமையைத் தாங்கியவர் ஆசிரியரே. மனையியல் பயின்றவர் வடிவமைப்பு மொழியைக் கற்கவேண்டியவரானார். மரவேலையிலோ துணியிலோ தேர்ந்தவர் உணவறைக்கு அனுப்பப்படும் நிலையும் உருவானது. ஒரே பாடத்தின் கீழ் எல்லாப் பொருள்களும் வந்தமையால், ஒரு பொருளில் பயின்றவர் பிற பொருள்களையும் கற்பிக்கவல்லவர் என்ற நிருவாக வசதி கல்வியியல் உண்மைபோல் ஏற்கப்பட்டது.

2008, 2014: சமையலின் மீள்வருகை

குழந்தைகளின் உடற்பருமன் குறித்த கவலை பாடத்தை மீண்டும் திருப்பியது. 11 முதல் 14 வயதினருக்குச் சமையல் 2011 முதல் கட்டாயமாகும் என்று அன்றைய கல்வித்துறை அமைச்சர் எட் பால்ஸ் 2008 சனவரியில் அறிவித்தார். 800 சமையல் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதும், வறிய மாணவரின் சமையற் பொருள்களுக்கென ஆண்டுக்கு 25 இலட்சம் பவுண்டு ஒதுக்குவதும் அவ்வறிவிப்பில் இடம்பெற்றன. உணவு அதுவரை இவ்வகுப்புகளில் பள்ளியின் தெரிவாகவே இருந்தது என்பதையும் இவ்வறிவிப்பு உணர்த்துகிறது. 2010 மே மாதத்தில் ஆட்சி மாறியது; கட்டாயச் சமையல் அறிவித்தவாறு நடைமுறைக்கு வரவில்லை.

பின்னர் ஹென்றி டிம்பிள்பி, ஜான் வின்சென்ட் இருவரும் உருவாக்கிய பள்ளி உணவுத் திட்டம் 2013இல் வெளியானது. அதைத் தொடர்ந்து, 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்தில் 'சமையலும் ஊட்டச்சத்தும்' என்ற பகுதி 14 வயது வரை கட்டாயமாக்கப்பட்டது. மூன்றாம் கட்டத்திற்கு அது நான்கு நோக்கங்களை வகுத்தது: ஊட்டச்சத்து நெறிகளை அறிந்து பயன்படுத்தல், தனக்கும் பிறருக்கும் நல்லுணவு அளிக்கும் வகையில், பெரும்பாலும் இனிப்பல்லாத உணவுவகைகள் பலவற்றைச் சமைக்கக் கற்றல், பல்வேறு சமையல் நுட்பங்களில் தேர்ச்சி பெறல், உணவுப்பொருள்களின் மூலம், பருவம், பண்பு ஆகியவற்றை அறிதல்.

இந்நோக்கங்கள் தெளிவானவை. ஆயினும் மூன்று முரண்கள் கருதத்தக்கன. முதலாவது, இப்பகுதி வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்திற்குள்ளேயே ஒரு தனித்தீவாக வைக்கப்பட்டது. பாடத்தின் பொது நிரலோ வடிவமைப்பையும், உணவுப்பகுதியின் நோக்கமோ அன்றாடச் சமையலையும் நோக்குகின்றன. இரண்டாவது, தன்னாட்சியுடைய அகாதமிப் பள்ளிகள் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றச் சட்டப்படி கட்டாயப்படுத்தப்படவில்லை. எனவே 'கட்டாயம்' என்ற சொல்லின் எல்லை தொடக்கத்திலேயே குறுகியதாக இருந்தது.

மூன்றாவது முரணே ஆசிரியர் பயிற்சிக்கு மிக நெருக்கமானது. 14 வயதுக்குப்பின் மாணவர் தெரிவுசெய்யும் 'உணவுத் தயாரிப்பும் ஊட்டச்சத்தும்' என்னும் பொதுத் தேர்வுப் பாடம் 2016 முதல் கற்பிக்கப்பட்டு 2018இல் முதன்முறை தேர்வுக்கு வந்தது. அதன் மதிப்பெண்ணில் 15 விழுக்காடு உணவறிவியல் ஆய்வுக்கும், 35 விழுக்காடு செய்முறைத் தயாரிப்புக்கும், எஞ்சிய பாதி எழுத்துத் தேர்வுக்கும் உரியன. மேல்வகுப்பு 'ஏன்' என்று கேட்கிறது. நடுநிலை வகுப்பின் பாடத்திட்டமோ பெரிதும் 'எப்படி' என்பதோடு நிற்கிறது. இடைவெளியை நிரப்பும் பொறுப்பு ஆசிரியரிடம் விடப்பட்டுள்ளது. அதற்கான பயிற்சி அவருக்குக் கிடைக்கிறதா என்பதே அடிப்படை வினா.

ஆசிரியர் அறியவேண்டியது: ஒரு சான்று

நடுநிலை வகுப்புகளில் பெரிதும் கற்பிக்கப்படும் வெள்ளை சாஸை எடுத்துக்கொள்ளலாம். 25 கிராம் வெண்ணெயை உருக்கி, 25 கிராம் மைதா மாவைச் சேர்த்துக் கிளறி, 250 மில்லி லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கொதிக்கவிடவேண்டும். செய்முறை இவ்வளவே. வகுப்பில் சிலரது பாத்திரத்தில் மாவு கட்டி தட்டும். சிலரது சாஸ் நீர்த்தே இருக்கும்.

செய்முறையை மட்டும் அறிந்த ஆசிரியர் 'இன்னும் நன்றாகக் கிளறு' என்பார். காரணம் அறிந்த ஆசிரியர் வேறுவகையில் அணுகுவார். மாவுச்சத்து மணிகள் சூடான நீர்மத்தில் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு அளவில் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. வெப்பம் கொதிநிலையை நெருங்கும்போது கலவை முழுமையாகக் கெட்டிப்படுகிறது. உலர்ந்த மாவைச் சூடான பாலில் நேரே கொட்டினால் வெளிமணிகள் முதலில் உப்பி ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் மாவுக்கு நீர் செல்லாமல் தடுக்கின்றன, அதுவே கட்டி. வெண்ணெயில் மாவைக் கலப்பது மணிகளைத் தனித்தனியே பிரித்து வைப்பதற்காக. சாஸ் நீர்த்திருப்பது போதிய வெப்பம் எட்டாமையால். இவ்விளக்கம் பெற்ற மாணவர் சாஸோடு நின்றுவிடுவதில்லை. கஞ்சியும் கூழும் கெட்டிப்படுவதன் காரணத்தையும் தாமே உய்த்துணர்வர்.

இதனோடு மூன்றாம் அறிவொன்றும் வேண்டும். கத்தியைப் பிடிக்கையில் விரல்களைப் பாலம்போல் வளைப்பதையும், நறுக்குகையில் விரல்நுனிகளை உள்மடக்குவதையும் கூட்டமாக நிற்கும் 12 வயதினருக்கு ஒரே நேரத்தில் காட்டவேண்டும். குளிர்பெட்டியின் வெப்பநிலை 5 பாகை அல்லது அதற்குக் கீழ் இருத்தல், இறைச்சியின் நடுப்பகுதி 70 பாகையில் 2 நிமிடமேனும் வேகுதல், சட்டம் பட்டியலிடும் 14 ஒவ்வாமைப் பொருள்களுள் எது எம்மாணவருக்கு ஆகாது என அறிதல் ஆகியன அனைத்தும் கற்பித்தலோடு உடனிகழவேண்டும். ஆகவே உணவாசிரியரின் தகுதி கை, காரணம், வகுப்பு நடத்தை என்னும் மூன்றின் கூட்டு. மூன்றில் ஒன்று குறையினும் பாடம் வேறொன்றாகிவிடும். காரணமற்ற கை சமையல் வகுப்பாகும். கையற்ற காரணம் ஏட்டுப்பாடமாகும். வகுப்பு நடத்தும் திறனின்றி இரண்டும் விபத்தில் முடியலாம்.

ஓராண்டுப் பயிற்சியின் கணக்கு

இங்கிலாந்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராகும் பெரும்பான்மையோர் பட்டம் பெற்றபின் ஓராண்டுப் பயிற்சி பெறுகின்றனர். இப்பயிற்சியில் 120 நாள்கள், அதாவது 24 வாரங்கள், பள்ளியில் கழிகின்றன. எஞ்சிய சில வாரங்களில் கற்பித்தல் கோட்பாடு, மதிப்பீடு, மாணவர் நலம், பாட அறிவு அனைத்தும் அடங்கவேண்டும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பெயரில் சேர்பவர் ஒன்றுக்கு மேற்பட்ட மூலப்பொருள்களில் பழகவேண்டியிருப்பதால் உணவுக்குரிய நேரம் மேலும் பங்கிடப்படுகிறது.

பள்ளியில் கழியும் நாள்களும் முழுமையாக உதவுவதில்லை. நடுநிலை வகுப்புகளில் மாணவர் ஓராண்டில் மரம், துணி, உணவு என ஒவ்வொரு பொருளுக்கும் சில வாரங்களாகச் சுழற்சி முறையில் அனுப்பப்படுவது பெருவழக்கு. இதனால் பயிற்சி ஆசிரியர் ஒரே வகுப்பின் வளர்ச்சியைத் தொடர்ந்து காணும் வாய்ப்பை இழக்கிறார். முதல் வாரம் கத்தி பிடிக்க அஞ்சிய மாணவர் ஆண்டிறுதியில் என்ன ஆனார் என்பது அவருக்குத் தெரியவராது.

பயிற்சிக்கு வருவோரின் தொகையும் சுருங்கியுள்ளது. 2022–23 கல்வியாண்டில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திற்குச் சேர்ந்த பயிற்சியாளர் அரசு வகுத்த இலக்கில் ஏறத்தாழ கால்பங்கே. இதற்குப் பள்ளி அமைப்பினுள்ளேயே ஒரு காரணம் உண்டு. பல்கலைக்கழகப் புகுமுக நிலையில் இருந்த உணவுத் தொழில்நுட்பத் தேர்வு கைவிடப்பட்டது. அதற்கீடாகப் புதிய தேர்வு அந்நிலையில் உருவாக்கப்படவில்லை. 16 வயதில் இப்பாடத்தை விரும்பிப் பயின்றவர் அதே பாதையில் மேலே செல்ல வழியின்றி நிற்கிறார். விதைநெல்லை உண்டுவிட்டு விளைச்சல் குறைவென வருந்துவதற்கு இது ஒப்பாகும்.

மறுப்புகளும் அவற்றின் மதிப்பும்

இவ்வாதத்திற்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, சமையல் கற்பிக்கத் தொழில்முறைச் சமையற்கலைஞர் போதும். ஆசிரியர் பயிற்சி எதற்கு என்பது. சமையற்கலைஞரின் கைத்திறன் ஆசிரியரினும் மேலானதாக இருக்கலாம். ஆனால் அவரது தொழில் பிழையை நீக்குவதில் உள்ளது. ஆசிரியரின் தொழில் பிழையைப் பாடமாக்குவதில் உள்ளது. கட்டி தட்டிய சாஸை உணவகத்தில் கொட்டிவிடுவர். வகுப்பறையில் அதுவே அன்றைய சிறந்த கற்பித்தற் கருவி. சமையற்கலைஞரின் வருகை பாடத்திற்குத் துணையாகலாம், மாற்றாக இயலாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. தக்க வழிகாட்டுதல் ஏற்கெனவே இருக்கிறது என்பது அது. பொதுச் சுகாதார அமைப்பும் பிரித்தானிய ஊட்டச்சத்து அறக்கட்டளையும் பிறரோடு இணைந்து, மேல்நிலைப் பள்ளி உணவாசிரியருக்குரிய அறிவு, திறன் பற்றிய சட்டகத்தை 2015இல் வெளியிட்டன. தொழில்சார் வளர்ச்சி, செய்முறை வகுப்பை நடத்துதல், தூய்மையும் பாதுகாப்பும், சமையல், ஊட்டச்சத்து எனத் தேவைகளை அது விரிவாக வகைப்படுத்துகிறது. உணவாசிரியர் அறியவேண்டியவற்றை ஒருங்கே திரட்டியமை அதன் சிறப்பு. எனினும், அது ஆசிரியர் தம்மைத் தாமே மதிப்பிட உதவும் வழிகாட்டியேயன்றிச் சட்டவலு உடையதன்று. அதனை எட்டுவதற்கான நேரத்தையோ நிதியையோ பள்ளி தரவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அளவுகோல் கொடுக்கப்பட்டது, வளர்வதற்கான இடம் கொடுக்கப்படவில்லை.

சமையற்பொருளின் விலையும் ஆசிரியரின் நிலையும்

பயிற்சித் திட்டங்கள் எளிதில் கடந்துசெல்லும் கூறு ஒன்றுண்டு. பல பள்ளிகளில் சமையலுக்கான பொருளை மாணவரே வீட்டிலிருந்து கொண்டுவரவேண்டியுள்ளது. கொண்டுவர இயலாத மாணவர் பிறர் சமைப்பதைப் பார்த்திருக்கவோ எழுத்துவேலை செய்யவோ நேர்கிறது. வறுமை வகுப்பின் நடுவே வெளிப்படும் தருணம் இது. கணித ஏடு கொண்டுவராத மாணவருக்குத் தாள் ஒன்றைத் தரலாம். முட்டையும் வெண்ணெயும் கொண்டுவராதவருக்கு எங்கிருந்து தருவது?

இங்கே ஆசிரியரின் பாட அறிவு நேரடியாக அறவினையாகிறது. ஒரு கற்றல் நோக்கத்தைக் குறைந்த விலைப் பொருளால் அடையமுடியுமா என்று தீர்மானிக்கக் காரண அறிவு வேண்டும். மாவு கெட்டிப்படுவதைக் கற்பிக்கப் பாலாடைக்கட்டி தேவையில்லை. ரொட்டி மாவில் குளூட்டன் இழை உருவாவதைக் காட்ட மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் போதும். செய்முறைத் தாளை மட்டும் அறிந்தவர் அத்தாளிலுள்ள பொருள்கள் அனைத்தையும் கோருவார். காரணம் அறிந்தவரே எதை விடலாம், எதை மாற்றலாம் என அறிவார். 2008ஆம் ஆண்டு அறிவிப்பு பொருளுதவியையும் ஆசிரியர் பயிற்சியையும் ஒருங்கே பேசியது அதன் பாராட்டத்தக்க கூறு. 2014ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் கட்டாயத்தை விதித்தபோது அவ்விணைப்பு அதே அழுத்தத்தோடு தொடரவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

பாடத்தின் பெயரும் நோக்கமும் மாறிய 1990, 2014 ஆகிய இரு நிலைகளிலும் முந்தைய நோக்கத்திற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரே புதிய நோக்கத்தை நிறைவேற்ற வேண்டியவராயினர். 19ஆம் நூற்றாண்டில் பயிற்சி நிறுவனம் பாடப் பரவலுக்கு முந்தியது. பின்னைய மாற்றங்களில் இவ்வரிசை தலைகீழாயிற்று.

உணவை மரத்தோடும் துணியோடும் ஒரே பயிற்சிப் பெயரின்கீழ் வைத்தமை உணவின் தனி இயல்பை மறைத்தது. பொதுத் தேர்வு நிலையில் உணவு தனிப்பாடமாகிவிட்ட பின்னும் நடுநிலை வகுப்பாசிரியரின் பயிற்சி பழைய கூட்டினுள்ளேயே பெரிதும் நிற்கிறது.

பயிற்சியின் மையமாகக் கையும் காரணமும் இணையும் செயல்கள் அமைதல் வேண்டும். வேண்டுமென்றே ஓர் உணவைப் பிழையாகச் செய்து அதன் காரணத்தைக் கண்டறிதல், ஒரே நோக்கத்திற்குரிய பாடத்தை இருவேறு செலவளவில் திட்டமிடுதல், ஒரே வகுப்பை ஓர் ஆண்டு முழுதும் தொடர்ந்து காணுதல் ஆகியன அத்தகைய செயல்களாகலாம். இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை. உணவுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட பயிற்சிக்காலம் வேண்டும்.

பாடத்திட்டத்தைத் திருத்துவது ஓர் ஆணையால் முடியும். ஆசிரியரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். முன்னதன் வேகத்தில் பின்னதையும் எதிர்பார்த்தமையே இங்கிலாந்தின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி கண்ட முதன்மையான பிழை எனக் கருத இடமுண்டு. மனையியலுக்குப் புதுப்பெயர் சூட்ட விழையும் எந்நாட்டுக் கல்வித்துறைக்கும் இவ்வனுபவம் ஒரு வரிசைமுறையை உணர்த்துகிறது: முதலில் கற்பிப்பவர், பின்னர் கட்டாயம், இறுதியில் பெயர்.